கொல்கத்தாவில் கற்ற தொழில்

நுழையும் முன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. காட்டுக்குள் சென்ற தச்சன், இதைவிட நல்ல மரம் அப்பால் இருக்கும் என்று எண்ணி நடந்துகொண்டே இருந்தால், மாலையில் வெறுங்கையுடன்தான் திரும்புவான். தொழில் தொடங்குவோர்க்கும் இந்த இடர் உண்டு. எண்ணம் தோன்றாமல் தோற்பவரும் உளர். தோன்றிய எண்ணங்கள் அனைத்தின் பின்னும் ஓடித் தோற்பவரும் உளர். ஒரே தொழிலைப் பற்றி நின்று, தம் ஊரின் நிலையையே மாற்றிய இருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம். அவர்கள் அத்தொழிலைக் கற்றது நாம் வாழும் கொல்கத்தா மாநகரில்.

லேக் மார்க்கெட்டில் ஒரு வினா

தெற்குக் கொல்கத்தாவில், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டி அமைந்துள்ளது லேக் மார்க்கெட். அருகிலுள்ள பெரிய ஏரியால் இப்பெயர் வந்தது. 1920களில் சதுப்பு நிலத்தை வெட்டி உருவாக்கப்பட்ட அந்த ஏரி, 1958 முதல் ரவீந்திர சரோவர் என்று அழைக்கப்படுகிறது. அலுவலகப் பணிகளுக்காகவும் வணிகத்துக்காகவும் கொல்கத்தாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, தலைமுறைகளாக இப்பகுதியைச் சுற்றி வாழ்ந்து வருகின்றன. பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இன்று பல அடுக்கு வணிக வளாகம் எழுந்துள்ளது. ஆயினும் வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம், காப்பித்தூள் ஆகியவற்றைத் தேடுவோர் இன்றும் இப்பகுதிக்கே வருகின்றனர்.

வாழையிலை மட்டும் விற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பார்ப்பதற்கு அது எளிய தொழில். ஆனால் எந்தப் பருவத்து இலை எளிதில் கிழியும், எத்தனை நாள் வாடாமல் இருக்கும், பொங்கலுக்கு முன் எத்தனை கட்டுகள் தேவைப்படும், திருமண வீட்டார் எந்த அளவு இலையைக் கேட்பர் என்பனவெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வறிவு ஒரே நாளில் வருவதன்று. பக்கத்துக் கடையில் பழம் நன்றாக விற்கிறது என்று இந்த மாதம் பழத்துக்கும், பூ நன்றாக விற்கிறது என்று அடுத்த மாதம் பூவுக்கும் மாறினால், ஒவ்வொரு முறையும் அவர் முதல் பாடத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். முதலீடு மட்டுமன்று, கற்றதும் வீணாகும்.

அப்படியானால், எதுவந்தாலும் மாறாமல் இருப்பதுதான் மன உறுதியா? மாற வேண்டியது எது, மாறக்கூடாதது எது என்று எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காண, கொல்கத்தாவையும் சிவகாசியையும் இணைத்த ஒரு வரலாறு நமக்கு உதவும்.

வறண்ட ஊரும் இரு இளைஞரும்

சிவகாசி, தமிழ்நாட்டின் தென்பகுதியில் உள்ள ஊர். இன்று அது விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மழை குறைந்த, வெயில் மிகுந்த நிலம் அது. வேளாண்மையை மட்டும் நம்பி மக்கள் வாழ இயலவில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை.

அவ்வூரைச் சேர்ந்தவர்கள் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும். உறவினர்களான இவ்விருவரும் 1922ஆம் ஆண்டு தீப்பெட்டித் தொழிலைக் கற்பதற்காகக் கொல்கத்தாவுக்குச் சென்றனர்.

கொல்கத்தாவுக்கு ஏன் செல்ல வேண்டும்? அதற்குக் காரணங்கள் இருந்தன. அக்காலத்தில் ஜப்பானிலிருந்தும் சுவீடனிலிருந்தும் இந்தியாவுக்குத் தீப்பெட்டிகள் வந்துகொண்டிருந்தன. 1905இல் வங்காளத்தில் எழுந்த சுதேசி இயக்கம், அன்றாடப் பொருள்களை நாமே செய்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தை வளர்த்தது. கொல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர் சிலரிடமிருந்து உள்ளூர் மக்கள் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். அதனால் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் சிறு தொழிற்சாலைகள் தோன்றின. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிகளின் மீதான தீர்வையை அரசு பெரிதும் உயர்த்தியது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏறியதால், உள்நாட்டில் செய்வோர்க்கு வழி திறந்தது.

இருவரும் வந்து சேர்ந்த நகரம் சிறிய நகரமன்று. 1911 வரை இந்தியாவின் தலைநகராக விளங்கியது. ஹூக்ளி ஆற்றங்கரையில் சணல் ஆலைகள் இயங்கின. துறைமுகத்தில் தேயிலை கப்பலேறியது. படாபஜாரில் துணி, தானியம், மளிகை என அனைத்து வணிகமும் நடந்தது. பொருளீட்ட விரும்புவோரின் கண்ணைப் பறிக்க நூறு தொழில்கள் இருந்தன. இந்நகரில் சில மாதங்கள் தங்கிய இவ்விருவரும் ஊருக்குக் கொண்டு சென்றது ஒரே ஒரு தொழிலின் அறிவை. 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர்.

ஒரு தீக்குச்சிக்குப் பின்னால்

தீக்குச்சி சிறியது, அதன் வேலை சிறியதன்று. குச்சியின் தலையில் உள்ள மருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்னும் வேதிப்பொருள் முதன்மையானது. பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் இருக்கும். குச்சியைப் பெட்டியில் உரசும்போது எழும் வெப்பத்தில் இவ்விரண்டும் சேர்ந்து தீப்பற்றுகின்றன. இரண்டும் தனித்தனி இடத்தில் இருப்பதால்தான் குச்சி தானே பற்றிக்கொள்வதில்லை. இதனால் இது காப்புத் தீக்குச்சி எனப்பட்டது.

இதனைச் செய்ய எத்தனை படிகள்! மென்மரத்தைச் சீவிக் குச்சிகளாக நறுக்க வேண்டும். குச்சிகளைச் சட்டத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்க வேண்டும். சுடர் குச்சிக்குப் பரவுவதற்காக அதன் நுனியை மெழுகில் தோய்க்க வேண்டும். பின்னர் மருந்தில் தோய்த்து உலர்த்த வேண்டும். உட்பெட்டி, மேற்பெட்டி செய்ய வேண்டும். பக்கங்களில் மருந்து பூச வேண்டும். குச்சிகளை நிரப்பி, லேபிள் ஒட்டி, கட்டுகளாகக் கட்ட வேண்டும். ஒரு படி தவறினாலும் குச்சி பற்றாது. அல்லது பற்றக்கூடாத நேரத்தில் பற்றிவிடும்.

மருந்து நன்றாக உலர்வதற்கு வறண்ட காற்று வேண்டும். உழவுக்கு ஆகாத வெயில் இத்தொழிலுக்கு உதவியது. ஊரின் குறை எனக் கருதப்பட்டதே தொழிலின் வலிமையாயிற்று.

நோக்கம் நின்றது, வழி மாறியது

தொடக்கத்தில் அவர்கள் ஜெர்மனியிலிருந்து வரவழைத்த இயந்திரங்களைக் கொண்டு தொழில் நடத்தினர். ஆனால் இயந்திர முறை அவர்களுக்குத் துணை செய்யவில்லை. அது பெருமுதலீடு வேண்டுவது. அதே 1923இல் சுவீடன் நிறுவனத்தின் சார்பில் 'விம்கோ' என்னும் பெரிய தீப்பெட்டி நிறுவனமும் இந்தியாவில் தோன்றியது. அத்தகைய நிறுவனத்துடன் இயந்திரத்தால் போட்டியிடுவது சிறு முதலாளிகளுக்கு அரிது.

இந்நிலையில் இரு வழிகள் உண்டு. ஒன்று, தீப்பெட்டியை விட்டு வேறு தொழிலுக்குத் தாவுவது. மற்றொன்று, தீப்பெட்டியைச் செய்யும் முறையை மாற்றுவது. சிவகாசியில் நிகழ்ந்தது இரண்டாவது. இயந்திரத்தைக் கைவிட்டுக் கைத்தொழில் முறைக்கு மாறினர். குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சி நிரப்புதல் ஆகிய வேலைகள் பலருக்குப் பிரித்துத் தரப்பட்டன. வேலையற்றிருந்த ஊரில் பல கைகளுக்கு வேலை கிடைத்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். தீப்பெட்டி என்பது அவர்களுடைய நோக்கம். இயந்திரம் என்பது அதற்கான வழி. வழி தவறானபோது அதை மாற்றினர், நோக்கத்தை மாற்றவில்லை. நோக்கத்தையும் வழியையும் ஒன்றெனக் கருதுவோர், வழி அடைபட்டதும் தொழிலையே கைவிடுவர். அல்லது தவறான வழியை விடாப்பிடியாகப் பற்றி அழிவர்.

சோதனைகள் அத்துடன் முடியவில்லை. 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிகளின் மீதும் அரசு உற்பத்தி வரி விதித்தது. தொழில் அதனையும் தாங்கி நின்றது. பிற்காலத்தில் இருவரும் தனித்தனி நிறுவனங்களை வளர்த்தனர். அணில், சேவல் போன்ற உருவங்கள் சிவகாசிப் பொருள்களின் அடையாளங்களாயின. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துத் தமக்கு வேண்டிய பொருளைக் கேட்டு வாங்க இத்தகைய அடையாளங்கள் உதவும்.

கிளைகளும் வேரும்

"சிவகாசியில் தீப்பெட்டி மட்டுமா உள்ளது? பட்டாசும் அச்சகங்களும் உள்ளனவே! அவர்களும் பல தொழில்களுக்குத் தாவியவர்கள் அல்லரோ?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா.

தீக்குச்சி மருந்தைக் கையாளக் கற்றவர்களுக்கு வண்ண ஒளி தரும் மத்தாப்பு தொலைவில் இல்லை. அதிலிருந்து பட்டாசு வந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் நடைமுறைக்கு வந்தபின், உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் சிவகாசியில் தோன்றின. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். அத்தேவையை ஊரிலேயே நிறைவேற்ற முயன்றதால் அச்சுத்தொழில் வளர்ந்தது. பின்னர் நாட்காட்டி, நாட்குறிப்பு, குறிப்பேடு என அது விரிந்தது. இவை ஒன்றுக்கொன்று தொடர்பற்ற தொழில்கள் அல்ல. ஒரே வேரிலிருந்து எழுந்த கிளைகள்.

ஆகவே, புதிய எண்ணம் ஒன்று தோன்றும்போது ஒரு வினாவைக் கேட்டுப் பார்க்கலாம்: "நான் ஏற்கெனவே கற்றது இதற்கு உதவுமா? இது என் தொழிலுக்கு வலிமை சேர்க்குமா?" ஆம் எனில் அது கிளை. இல்லை எனில் அது கவனத்தைச் சிதறச் செய்யும் கவர்ச்சி. கவர்ச்சியான எண்ணம் தீய எண்ணமாக இருக்க வேண்டியதில்லை. அது மற்றொருவருக்கு நல்ல தொழிலாக அமையலாம்.

காணத் தவறியது

இவ்வரலாற்றில் பெருமை மட்டும் இல்லை. செய்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்ற முறை தீப்பெட்டித் தொழிலில் பரவியது. வறுமையில் வாடிய குடும்பங்களில், பெரியவர்களின் கைகளோடு சிறுவர்களின் கைகளும் சேர்ந்தன. பள்ளியில் இருக்க வேண்டிய குழந்தைகள் குச்சி அடுக்கினர், பெட்டி ஒட்டினர், மருந்தின் நெடியில் வேலை செய்தனர். உங்கள் வயதினரும் உங்களைவிட இளையோரும் அவர்களில் இருந்தனர்.

இந்திய அரசமைப்பின் 24ஆம் உறுப்பு, பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையிலும் இடர்மிக்க பணிகளிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசிக் குழந்தைகள் பற்றிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளை இத்தகைய வேலைகளிலிருந்து மீட்டுக் கல்வி அளிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பட்டாசு ஆலைகளில் விபத்துகள் இன்றும் நேர்கின்றன; தொழிலாளர் உயிரிழக்கின்றனர்.

ஒன்றையே நோக்கும் கண், அருகில் இருப்பதைக் காணாமல் போகக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. கவனத்தைச் சிதறச் செய்யும் பேச்சு வேறு. கவனிக்க வேண்டிய துன்பக்குரல் வேறு. "இது என் வேலையைத் தடுக்கிறது" என்று இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிடலாகாது. ஒருமுகப்பாட்டுக்கு மனச்சான்று துணையாக இருத்தல் வேண்டும்.

இன்றைய சோதனை

தீப்பெட்டித் தொழில் இன்று வேறொரு சோதனையைச் சந்திக்கிறது. மலிவான லைட்டர்கள் சந்தைக்கு வந்தன. மூலப்பொருள்களின் விலை ஏறியது. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டியின் விலை, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக உயர்ந்தது. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023இல் நடுவண் அரசு தடை விதித்தது. எனினும் தடையால் மட்டும் ஒரு தொழில் நிலைத்து நிற்காது. வழியை மாற்றும் காலம் மீண்டும் வந்துள்ளதா என்பதை இன்றைய தலைமுறை ஆராய வேண்டும். 1920களில் முன்னோர் ஆராய்ந்ததும் இதையே.

நாம் பெறும் படிப்பினை

இன்று கவனத்தைச் சிதறச் செய்பவை நம் கைக்குள்ளேயே இருக்கின்றன. கைப்பேசியைத் திறந்தால், விரைவில் பொருளீட்டும் வழிகள் என்று நாள்தோறும் பத்து காட்சிகள் வருகின்றன. இன்று ஒன்றைத் தொடங்கி, நாளை மற்றொன்றைத் தொடங்குபவர் ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலும் வைத்தவர் ஆவார்.

உங்கள் மனத்தில் தோன்றும் எண்ணங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எழுதி வைத்த எண்ணம் ஓடிவிடாது. ஆகையால் உடனே அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை. கையில் எடுத்த ஒன்றை, அதன் எளிய படியையும் கடினமான படியையும் கடந்து செய்து பாருங்கள். கடினமான படி வரும்போதுதான் வேறு எண்ணங்கள் இனிமையாகத் தோன்றும். அப்போது நிற்பவரே தொழிலைக் கற்பவர்.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம்
தீர்வை – இறக்குமதிப் பொருள் மீதான வரி
உரிமம் – அரசு தரும் அனுமதி
நெடி – மூக்கைத் தாக்கும் கடுமையான மணம்
மனச்சான்று – நன்மை தீமையை உணர்த்தும் உள்ளுணர்வு
ஒருமுகப்பாடு – மனத்தை ஒன்றில் நிறுத்துதல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்கச் சென்ற ஆண்டு ______
அ) 1905 ஆ) 1911 இ) 1922 ஈ) 1940

2. தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்படும் மருந்தில் உள்ளது ______
அ) மெழுகு ஆ) சிவப்புப் பாஸ்பரஸ் இ) பொட்டாசியம் குளோரேட் ஈ) சுண்ணாம்பு

3. சிவகாசியில் அச்சுத்தொழில் வளரக் காரணமாக இருந்தது ______
அ) செய்தித்தாள் ஆ) பாடநூல் இ) தீப்பெட்டி லேபிள் ஈ) திருமண அழைப்பிதழ்

ஆ. பிரித்து எழுதுக.

1. தொழிற்சாலை 2. மேற்பெட்டி 3. உட்பெட்டி 4. வாழையிலை 5. தீக்குச்சி

(குறிப்பு: லகரம் றகரமாகவும், ளகரம் டகரமாகவும் திரியும் இடங்களைக் கண்டறிக. எடுத்துக்காட்டு: கல் + சிலை = கற்சிலை; முள் + செடி = முட்செடி)

இ. குறுவினா

1. தொழில் கற்க இருவரும் கொல்கத்தாவைத் தேர்ந்ததற்கு இரண்டு காரணங்களை எழுதுக.
2. வறண்ட வெயில் தீப்பெட்டித் தொழிலுக்கு எவ்வாறு உதவியது?
3. காப்புத் தீக்குச்சி தானே பற்றிக்கொள்ளாதது ஏன்?

ஈ. சிறுவினா

1. 'நோக்கம் நின்றது, வழி மாறியது' என்பதைப் பாடத்தின் வழி விளக்குக.
2. கிளைக்கும் கவர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டு ஒன்றுடன் எழுதுக.

உ. நெடுவினா

ஒருமுகப்பாட்டுக்கு மனச்சான்று ஏன் துணையாக வேண்டும்? சிவகாசி வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

ஊ. செய்து பார்க்க

பெற்றோருடன் லேக் மார்க்கெட்டுக்கோ உங்கள் வீட்டருகிலுள்ள சந்தைக்கோ செல்க. ஒரே பொருளை மட்டும் விற்கும் ஒருவரிடம், அத்தொழிலில் கற்க நெடுநாள் ஆனது எது என்று பணிவுடன் கேட்டறிக. அவர் வங்காள மொழியில் கூறினாலும், அதனைத் தமிழில் பத்து வரிகளில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.